மின்வில்லுக்கு விதி கண்ட அம்மையார்

இருளடைந்த அறையில் மின்விளக்கை அணைக்கும்போது, ஆளியின் உள்ளே நீலநிறச் சிறு பொறியொன்று தோன்றி மறைவதைச் சிலவேளை நாம் கண்டிருப்போம். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் தன் வழி அறுபடும்போது, இடையிலுள்ள காற்றையே வழியாக்கிக்கொள்ள முயல்வதன் அடையாளம் அப்பொறி. வீட்டு ஆளியில் அது கண்ணிமைக்குமுன் அழிந்துபோகின்றது. ஆனால், இலட்சக்கணக்கான உவோற்று அழுத்தமுடைய பெருங்கம்பிகளிற் செல்லும் ஓட்டத்தை அறுக்க முயன்றால் அது பொறியளவில் நில்லாது. பல்லாயிரம் பாகை வெப்பமுடைய பிழம்பாக மாறி, தன்னை அறுக்க வந்த உலோகத்தையே உருக்கிவிடும். இதனையே பௌதிக நூலார் மின்வில் என்பர்.

பெருமின்வலைகளிற் பழுது நேரும்போது ஓட்டத்தை உடனே அறுத்து நாட்டைக் காக்கும் கருவி சுற்றுடைப்பான் எனப்படும். அக்கருவியினுள் எழும் வில் எவ்வாறு பிறந்து, எவ்வாறு வளர்ந்து, எக்கணத்தில் அழியும் என்பதை இன்று பொறியியலாளர் கணினியிற் கணித்துப் பார்த்த பின்னரே கருவியைச் செய்யத் துணிகின்றனர். அக்கணிப்புகளின் பரம்பரையைப் பின்னோக்கிச் சென்று பார்ப்போமாயின், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் முன்னர், இருண்ட அறையொன்றில் இரு காபன் கோல்களுக்கிடையே எரியும் வில்லைப் பொறுமையோடு நோக்கியிருந்த ஒரு பெண்மணியை அங்கே காண்போம். ஹேர்த்தா அயற்றன் என்பது அவர் பெயர். இயற்கையின் விதியொன்றை அவர் கண்டறிந்தார். அவர் நாட்டுச் சட்டமோ, அவரைத் தனித்ததோர் ஆளாக ஏற்க மறுத்தது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வாழ்க்கையே இங்கு கூறப்படுவது.

இளமையும் வறுமையும்

1854ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 28ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸீ என்னும் துறைமுகப் பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபீபி சேரா மார்க்ஸ். தந்தையார் லீவை மார்க்ஸ், போலந்து நாட்டில் யூதர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்தை வந்தடைந்தவர். மணிக்கூடு திருத்தும் தொழிலினர். 1861இல் அவர் இறந்தபோது, வீட்டில் எஞ்சியவை கடனும் குழந்தைகளுமே. ஏழு பிள்ளைகளோடும் வயிற்றில் எட்டாவது குழந்தையோடும் தாயார் அலிஸ் தனித்து நின்றார். தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்த அத்தாய், உலகில் ஆண்களிலும் பெண்களே மிகுந்த துன்பத்தை எதிர்கொள்ள வேண்டியிருத்தலால், ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளுக்கே நல்ல கல்வி வேண்டும் என்ற கருத்துடையவர். வறுமையில் வாடிய ஒரு விதவையின் உள்ளத்தில், அதுவும் அக்காலத்தில், இத்தகைய எண்ணம் உதித்தமை வியப்புக்குரியது.

இலண்டனில் பாடசாலையொன்றை நடத்திவந்த சிறியதாயார், சேராவைத் தம்மோடு வைத்துப் படிப்பிக்க முன்வந்தார். ஒன்பதாவது வயதில் தாயைப் பிரிந்து சென்ற சிறுமி, அங்கே தன் மைத்துனர்களிடமிருந்து கணிதத்தின் சுவையை அறிந்தாள். பதினாறாவது வயதிலிருந்து செல்வர் வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பொருளீட்டித் தாய்க்கு அனுப்பலானாள். அக்காலத்தில், ஸ்வின்பேர்ன் என்னும் ஆங்கிலக் கவிஞர் பாடிய கவிதையொன்றின் தலைவியாகிய நிலமகளின் பெயரைத் தோழி ஒருத்தி அவளுக்குச் சூட்டினாள். அப்பெயரே ஹேர்த்தா. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. தோழி இட்ட பெயர் நிலைத்தது.

கேம்பிறிட்ஜில்

பெண்களுக்கு உயர்கல்வி அளித்தற்பொருட்டுத் தோன்றிய கேர்ட்டன் கல்லூரியின் நிறுவனர்களுள் ஒருவரான பார்பரா பொடிச்சன் அம்மையாரின் நட்பு ஹேர்த்தாவின் வாழ்வையே மாற்றியது. பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி வாழ்ந்த இளம்பெண்ணின் அறிவை அவர் மதித்தார். கல்லூரிச் செலவுக்கு நண்பர்களிடமிருந்து உதவி தேடிக்கொடுத்தார். அவ்வாறு ஆதரவளித்தோருள், ஜோர்ஜ் எலியட் என்னும் ஆண்பெயரின் மறைவில் நின்று நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற பெண்ணெழுத்தாளரும் ஒருவர். தன் எழுத்தை உலகம் நடுநிலையோடு நோக்க வேண்டுமாயின் பெண்ணென்பதை மறைக்க வேண்டும் என்று கருதிய ஒருவர், தன் பெயரை மறைக்காது அறிவுலகிற் புகவிருந்த ஒருவருக்குக் கைகொடுத்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1876இல் கேர்ட்டன் கல்லூரியிற் சேர்ந்த ஹேர்த்தா, ஆங்கே கணிதம் பயின்றார். நாடித் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியொன்றைத் தாமே அமைத்தார். பாடற் குழுவை நடத்தினார். கல்லூரிக்குத் தீயணைக்கும் படையொன்றையும் தோற்றுவித்தார். இடையில் நோய் வந்து படிப்பைக் குலைத்தது. கணிதச் சிறப்புத் தேர்வில் அவர் பெற்றது மூன்றாந்தரச் சித்தியே. தேர்விற் சித்தியெய்தினாலும் பெண்களுக்குக் கேம்பிறிட்ஜ் அன்று பட்டம் வழங்குவதில்லை, சான்றிதழோடு அனுப்பிவிடும். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமளிக்க முன்வந்தது 1948இலேயாம். எனவே ஹேர்த்தா இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வை எழுதி, 1881இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

தேர்வு முடிவுகளை மட்டும் நோக்கி ஒருவரின் ஆற்றலை அளவிடலாகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1884இல், ஒரு கோட்டை வேண்டிய எண்ணிக்கையுள்ள சம பகுதிகளாகப் பிரிக்கும் வரைகருவியொன்றைப் புனைந்து அதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். வரைஞருக்கும் கட்டடக் கலைஞருக்கும் அது பயன்பட்டது. அவ்வாண்டிலேயே ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்பில் மின்னியல் கற்கச் சென்றார். அங்கே கற்பித்தவர் பேராசிரியர் வில்லியம் அயற்றன், யப்பானில் சில ஆண்டுகள் கற்பித்துத் திரும்பியவர், மனைவியை இழந்தவர். 1885இல் இருவரும் மணம்புரிந்தனர். அடுத்த ஆண்டிற் பிறந்த மகளுக்குத் தம்மை ஆதரித்த அம்மையாரின் நினைவாகப் பார்பரா என்று பெயரிட்டார் ஹேர்த்தா. இல்லறப் பொறுப்புகள் சில ஆண்டுகள் அவரை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவைத்தன. 1891இற் பொடிச்சன் அம்மையார் இறந்தபோது விட்டுச்சென்ற பணமே, வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்தி மீண்டும் ஆராய்ச்சிக்குத் திரும்ப அவருக்கு வழிசெய்தது.

சீறிய வில்

இரு காபன் கோல்களை மின்கலவடுக்கோடு இணைத்து, ஒன்றையொன்று தொடச்செய்து, பின்னர் மெல்லப் பிரித்தால் இடைவெளியிற் கண்ணைப் பறிக்கும் ஒளி எழும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரசியாவிற் பெத்ரோவ் என்பவரும் இங்கிலாந்தில் ஹம்பிரி டேவியும் இதனைக் கண்டனர். கோல்களைக் கிடையாகப் பிடித்தால், சூடான காற்று மேலெழுவதால் அவ்வொளிப் பிழம்பு வில்லைப்போல் வளையும், அதனால் அப்பெயர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ், இலண்டன் முதலிய நகரங்களின் வீதிகளை வில்விளக்குகள் ஒளிசெய்தன. பின்னர் கடற்படையின் தேடொளி விளக்குகளிலும் சினிமாக் கொட்டகைகளின் படமெறிகருவிகளிலும் அவை இடம்பெற்றன.

ஒளி பெரிதாயினும் வில்லின் குணம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. அது நடுங்கும், திடீரென ஒளி மங்கும், பாம்புபோற் சீறும். சீறத் தொடங்கியவுடன் அழுத்தம் ஏறத்தாழ 10 உவோற்று வீழும். இவை ஏன் நிகழ்கின்றன என்பதை எவரும் தெளிவாக அறிந்திலர். வில்லை ஆராய்ந்தோர் பலர் தந்த அளவீடுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன.

1893இல், பேராசிரியர் அயற்றன் சிக்காகோவில் நடந்த மின்னியல் மாநாட்டுக்குச் சென்றபோது, அவர் தொடங்கிவைத்த வில் பற்றிய பரிசோதனைகளை ஹேர்த்தா வீட்டிலிருந்து தொடர்ந்தார். அம்மாநாட்டிற் பேராசிரியர் படித்த கட்டுரையின் கையெழுத்துப்படி, அச்சேறுமுன் தற்செயலாகத் தீக்கிரையாயிற்று. அதனை மீண்டும் எழுத முயலாது, ஆராய்ச்சி முழுவதையும் அடியிலிருந்து தாமே செய்வதென ஹேர்த்தா முடிவுசெய்தார். கணவர் இதில் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கது. தாம் உடனுழைத்தால், வேலை மனைவியினுடையதாயினும் புகழ் தம்மையே சாரும் என்பதை உணர்ந்து அவர் ஒதுங்கி நின்றார். அவர் கணிப்பு எவ்வளவு சரியானது என்பதைப் பின்னர் காண்போம்.

நான்கு எண்கள்

முன்னையோர் அளவீடுகள் முரண்பட்டமைக்குரிய காரணத்தை ஹேர்த்தா கண்டுகொண்டார். ஓட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ மாற்றியவுடன் அளவெடுத்தல் பிழை. ஓட்டம் மாறியதும் காபன் முனைகள் புது ஓட்டத்துக்கேற்பத் தேய்ந்து உருமாறத் தொடங்கும். அம்மாற்றம் முற்றுப்பெற நெடுநேரம் செல்லும். நேர்முனையில் ஒரு பள்ளமும் எதிர்முனையில் ஒரு கூரும் தமக்குரிய வடிவத்தை அடைந்த பின்னரே அழுத்தம் நிலைபெறும். ஆகவே, அவர் காத்திருந்தார். வில்லின் விம்பத்தை வில்லையொன்றின் மூலம் பலமடங்கு பெருப்பித்துத் திரையில் விழச்செய்து, அதன் நீளத்தை மாறாமற் பேணி, ஓட்டத்தையும் மாறாமற் பேணி, அழுத்தம் அசையாது நிற்கும்வரை காத்திருந்து ஒவ்வோர் அளவாகக் குறித்தார். ஒரு புள்ளிக்கே இத்துணை உழைப்பென்றால், நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை ஆய்வுகூடத்திற் பழகிய ஆசிரியர்கள் அறிவர்.

குறித்த அளவுகளை வரைபடமாக்கியபோது, ஓட்டம் கூடக்கூட அழுத்தம் குறைந்து செல்லும் வளைகோடுகள் கிடைத்தன. உலோகக் கம்பியில் இதற்கு மாறானதே நிகழும். அங்கே ஓட்டம் இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கும் என்பது ஓமின் விதி. வில்லோ, மிகுந்த ஓட்டத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே தாங்குகின்றது. வளைகோட்டிலிருந்து விதியை வருவித்தல் எளிதன்று. ஆனால் அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கி, வில் விழுங்கும் வலுவைக் கணித்து, அதனை ஓட்டத்துக்கெதிரே வரைந்தபோது, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு நேர்கோடு கிடைத்தது. அந்நேர்கோடுகளிலிருந்து ஹேர்த்தா விதியை எழுதினார்.

அவ்விதியைச் சொற்களில் இவ்வாறு கூறலாம். வில்லின் நீளம் மில்லிமீற்றரிலும் ஓட்டம் அம்பியரிலும் அமையுமாயின், திண்மக் காபன் கோல்களுக்கிடையேயுள்ள அழுத்தம் இரு பகுதிகளின் கூட்டுத்தொகையாகும். முதலாவது, 38.88 உடன் நீளத்தின் 2.074 மடங்கைக் கூட்ட வருவது. இரண்டாவது, 11.66 உடன் நீளத்தின் 10.54 மடங்கைக் கூட்டி, அதனை ஓட்டத்தால் வகுக்க வருவது. உதாரணமாக, 2 மில்லிமீற்றர் நீளமான வில்லில் 5 அம்பியர் ஓடும்போது அழுத்தம் ஏறத்தாழ 49.6 உவோற்று, 10 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 46.3 உவோற்று. கட்டுக்கடங்காததெனக் கருதப்பட்ட தீப்பிழம்பு நான்கு எண்களுக்குள் அடங்கிற்று. நீளத்துக்கும் அழுத்தத்துக்குமுள்ள தொடர்பை முன்னர்ச் சிலர் கூறியிருந்தனர். ஓட்டத்தையும் சேர்த்து, முரண்பாடுகளைத் தீர்த்து, விதியை முழுமையாக நிறுத்தியவர் ஹேர்த்தா. இன்றும் பொறியியல் நூல்களில் அயற்றன் சமன்பாடு என வழங்குவது இதுவே.

சீற்றத்தின் காரணத்தையும் அவர் கண்டார். ஓட்டம் மிகும்போது நேர்முனைப் பள்ளம் பெருத்து முனையின் விளிம்பைக் கடக்கின்றது. கடந்ததும் காற்றிலுள்ள ஒட்சிசன் வெண்சூடான பள்ளத்தை நேரே அடைந்து காபனோடு சேர்ந்தெரிகின்றது. சீற்றம் அதனால் எழுகின்றது. காற்றுப் புகாத அடைப்பினுள் வில்லை எரித்து, அங்கே சீற்றம் எழாமையைக் காட்டி இதனை நிறுவினார். வில்லினுட் பொருள் இயங்கும் முறைபற்றி அவர் கூறிய விளக்கத்திற் சில பகுதிகளை, இலத்திரன் பற்றிய அறிவு வளர்ந்த பின்னர் வந்தோர் திருத்தினர். அளவீடுகளும் சமன்பாடும் திருத்தம் வேண்டாமல் நின்றன.

நாட்டுச் சட்டம்

1895ஆம் ஆண்டிலிருந்து ‘எலக்றீசியன்’ என்னும் இதழில் அவர் எழுதிவந்த கட்டுரைகள் மின்னியலாளரிடையே அவர் பெயரை நிலைநாட்டின. 1899இல் இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனத்தில், சீறும் வில்லைப் பற்றிய தமது கட்டுரையைத் தாமே படித்தார். அந்நிறுவனத்தில் ஒரு பெண் தன் கட்டுரையைத் தானே படித்தது அதுவே முதன்முறை. விரைவில் அதன் முதற் பெண் அங்கத்தவராகவும் தெரிவுசெய்யப்பட்டார்.

றோயல் சங்கத்தின் கதவோ எளிதில் திறக்கவில்லை. 1901இல் வில்லின் இயக்கம்பற்றி அவர் எழுதிய கட்டுரையை, அவர் கணவரின் நண்பர் பேராசிரியர் ஜோன் பெரி அச்சபையில் அவருக்காகப் படித்தார். 1902இல் ‘மின்வில்’ என்னும் அவர் பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சங்கத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. சங்கத்தார் சட்ட அறிஞரின் கருத்தைக் கேட்டனர். மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் கணவனின் வேறான ஆளுமை இல்லை. ஆதலின் அவரை உறுப்பினராக்க இயலாது என்பதே கிடைத்த விடை. நூலின் தகுதி ஆராயப்படவில்லை. நூலாசிரியர் ஓர் ஆள்தானா என்பதே ஆராயப்பட்டது. றோயல் சங்கம் முதன்முதற் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இலாம். அப்பொழுது ஹேர்த்தா மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

அவர் மனம் தளரவில்லை. கணவரின் உடல்நலங்கருதி மார்கேற் கடற்கரையிற் சிலகாலம் தங்கியபோது, அலை வடிந்த மணலிற் படிந்திருந்த வரிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. நாம் கடற்கரையில் நாடோறும் மிதித்துச் செல்லும் அவ்வரிகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை, வீட்டில் நீர்த்தொட்டிகளை வைத்து ஆராய்ந்தார். 1904இல் அவ்வாராய்ச்சிக் கட்டுரையை றோயல் சங்கத்தில் தாமே படித்தார். அச்சபையிற் கட்டுரை படித்த முதற் பெண் அவரே. 1906இல் மின்வில்லும் மணல்வரியும் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக ஹியூஸ் பதக்கத்தை அச்சங்கம் அவருக்கு வழங்கிற்று. உறுப்பினராக ஏற்கத் தகாதவரெனச் சட்டங் கூறிய ஒருவரைப் பதக்கத்துக்கு மட்டும் தக்கவராகக் கொண்டது. அப்பதக்கத்தை மற்றொரு பெண் பெறுதற்கு 2008ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உரிமைப் போர்

சட்டமே தடையாக நின்றதைத் தம் வாழ்விற் கண்ட ஹேர்த்தா, சட்டத்தை ஆக்கும் உரிமை பெண்களுக்கும் வேண்டுமென்று வாதாடியோருடன் சேர்ந்தது இயல்பே. 1908இற் கணவர் இறந்தபின் அவர் ஈடுபாடு மேலும் வளர்ந்தது. 1910ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், பங்க்ஹேர்ஸ்ட் அம்மையார் தலைமையிற் பாராளுமன்றத்தை நோக்கிச் சென்ற தூதுக்குழுவில், 56 வயதான ஹேர்த்தாவும் நடந்தார். அன்று பெண்கள் காவற்படையினராற் கொடுமையாகத் தாக்கப்பட்டனர்; வரலாறு அந்நாளைக் கறுப்பு வெள்ளி என்கின்றது. 1912இல் மகள் பார்பரா சிறை சென்றார். 1913இல், சிறையில் உண்ணாநோன்பிருந்து உடல் நைந்து வெளிவந்த பங்க்ஹேர்ஸ்ட் அம்மையாரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார் ஹேர்த்தா. வீட்டைச் சுற்றிக் காவலர் நின்றனர். உள்ளே அவர் நோயாளிக்குப் பணிவிடை செய்தார்.

மேரி கியூரி அம்மையாரோடு அவர் கொண்ட நட்பும் இவ்வகையினதே. இரேடியத்தைக் கண்ட புகழ் கணவர் கியூரிக்கே உரியதென்று பத்திரிகைகள் எழுதியபோது, ஒரு பெண் செய்த வேலையை ஆணின் கணக்கில் எழுதும் பிழை எளிதில் மாளாது என்பதை ஹேர்த்தா எடுத்துக்காட்டிப் பத்திரிகைக்கு எழுதினார். 1912ஆம் ஆண்டுக் கோடையில், நோயாலும் அவதூறாலும் துன்புற்றிருந்த மேரி கியூரியையும் அவர் புதல்வியரையும் இங்கிலாந்தின் தென்கரையில் தம்மோடு வைத்து, அவர் யாரென்று பிறர் அறியாவண்ணம் காத்தார்.

1915இற் போர்க்களத்தில் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டபோது, மணல்வரிகளை ஆராய்ந்து தாம் பெற்ற சுழிகள்பற்றிய அறிவை அவர் அங்கே திருப்பினார். கைப்பிடியோடு கூடிய கித்தான் விசிறியொன்றை நிலத்தில் அறைந்தால், எழும் காற்றுச் சுழிகள் நச்சுவாயுவைப் பதுங்குகுழியினின்று விரட்டும் என்று காட்டினார். படைத்துறையினர் முதலில் ஏற்கவில்லை. பின்னர் 1,04,000 விசிறிகள் படையினருக்கு வழங்கப்பட்டன. அதன் பயன்பற்றிப் படையினரிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. எனினும், அவர் அக்கருவியைப் பொருளீட்டக் கருதிச் செய்தாரல்லர் என்பது உண்மை.

1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆம் நாள், சசெக்ஸ் பகுதியிலுள்ள நோர்த் லான்சிங் என்னும் ஊரில், குருதி நஞ்சேறியதால் அவர் காலமானார். வயது அறுபத்தொன்பது. அவர் மறைந்த சில மாதங்களில், புகழ்பெற்ற விஞ்ஞான இதழாகிய ‘நேச்சர்’ அவர் வாழ்வைப்பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டது. எழுதியவர், கணவரின் சக ஆசிரியராக இருந்த இரசாயன அறிஞர் ஹென்றி ஆம்ஸ்ட்றோங். ஹேர்த்தாவின் ஆராய்ச்சியிற் சுயசிந்தனை குறைவென்றும், கணவரின் ஊணையும் ஓய்வையும் கவனித்து வீட்டோடு அமையும் சாதாரண மனைவி ஒருத்தி வாய்த்திருந்தால் அப்பேராசிரியர் மேலும் சிறந்திருப்பார் என்றும் அதிற் கூறப்பட்டது. கணவர் அஞ்சியது நடந்தது. அவர் ஒதுங்கி நின்றும், மனைவியின் வேலையை மனைவியுடையதாகக் காணச் சிலரால் இயலவில்லை. அதற்கு மறுமொழிபோல, கணவரின் முதல்தாரத்து மகளாகிய நாவலாசிரியை ஈடித் சாங்வில் 1924இல் எழுதிய ‘அழைப்பு’ என்னும் நாவல் அமைந்தது. அதன் தலைவியாகிய விஞ்ஞானப் பெண், ஹேர்த்தாவின் சாயலில் வார்க்கப்பட்டவள்.

இன்றைய வில்

வீதிகளில் வில்விளக்குகள் அணைந்து நெடுங்காலமாயிற்று. சினிமாக் கொட்டகைகளிலும் வேறு விளக்குகள் வந்துவிட்டன. ஆயினும், வில்லின் விதி பழங்கதையாகிவிடவில்லை. ஒளிதரும் வில்லை வளர்க்க ஒருகாலத்து வேண்டப்பட்ட அறிவு, அழிவுதரும் வில்லை அடக்க இன்று வேண்டப்படுகின்றது.

ஹேர்த்தா கண்ட விதி, நிலைபெற்ற வில்லுக்குரியது. அவர் வில் அமையும்வரை காத்திருந்தார். சுற்றுடைப்பானுக்கோ காத்திருக்க நேரமில்லை. அங்கே வில் செக்கனின் ஆயிரத்திலொரு பங்குகளிற் பிறந்து மாறி அழிய வேண்டும். இக்கணநேர மாற்றத்தை விவரிக்க 1939இற் கசி என்பவரும் 1943இல் மையர் என்பவரும் வெவ்வேறு சமன்பாடுகளைத் தந்தனர். ஓட்டம் மிகுந்திருக்கும்போது வில்லின் வெப்பம் மாறாது அதன் பருமனே மாறுகின்றது எனக் கொண்டார் கசி. ஓட்டம் பூச்சியத்தை அணுகும்போது பருமன் மாறாது வெப்பமே மாறுகின்றது எனக் கொண்டார் மையர். இன்றைய கணினிக் கணிப்புகளிற் பல, இவ்விருவர் சமன்பாடுகளையும் தழுவியவை. அழுத்தம், ஓட்டம், நீளம் என்னும் அளவுகளைக் கொண்டே வில்லின் குணத்தை எழுதிவிடலாம் என்னும் துணிவை இவர்களுக்கு முன்னமே உலகுக்கு அளித்தவர் ஹேர்த்தா.

ஆடலோட்டம் தானாகவே ஒரு செக்கனிற் பலமுறை பூச்சியமாகும்; அக்கணம் பார்த்து வில்லை அழித்துவிடலாம். தொலைதூரங்களுக்கு மின்வலுவைக் கொண்டுசெல்லும் உயரழுத்த நேரோட்டத்தில் அத்தகைய கணமே இல்லை. இதற்கெனத் தோன்றியதே கலப்புச் சுற்றுடைப்பான். 2012ஆம் ஆண்டில், ஏறத்தாழ 5 ஆயிரத்திலொரு செக்கனில் ஓட்டத்தை அறுக்கவல்ல அத்தகைய கருவி அறிவிக்கப்பட்டது. பின்னர் சீனாவின் நேரோட்ட மின்வலைகளில் இவ்வகைக் கருவிகள் நிறுவப்பட்டன. இதில் உலோகத் தொடுகைகள் ஒரு வழியாகவும், குறைகடத்திகள் மற்றொரு வழியாகவும் அருகருகே அமைந்துள்ளன. வழமையான காலத்தில் ஓட்டம் தொடுகைகளின் வழியே இழப்பின்றிச் செல்லும். பழுது நேர்ந்ததும் அது குறைகடத்திகளின் வழிக்குத் திருப்பப்பட்டு அங்கே அறுக்கப்படும்; எஞ்சிய சத்தியை மூன்றாம் வழியொன்று உள்வாங்கும்.

ஓட்டத்தை ஒரு வழியினின்று மற்றொரு வழிக்குத் திருப்புவது எது? சில அமைப்புகளில் அதற்கெனத் தனி இலத்திரனியல் ஆளி உண்டு. வேறு சில அமைப்புகளில் அவ்வேலையைச் செய்வது வில்லேயாம். தொடுகைகள் பிரிந்த கணத்திலேயே, இடைவெளி மயிரளவாக இருக்கும்போதே, வில்லின் அழுத்தம் ஒரு குறித்த அளவுக்குப் பாய்ந்தெழுகின்றது. அவ்வழுத்தம் ஓட்டத்தை அடுத்த வழிக்குத் தள்ளிவிட, வில் தானே அவிந்துபோகின்றது. நீளம் இல்லாதபோதும் வில்லுக்கு ஓர் அழுத்தம் உண்டு என்பதை ஹேர்த்தாவின் சமன்பாட்டில் முதலில் நிற்கும் எண் நமக்குக் கூறுகின்றது. காபனுக்கு அது 38.88, வேறு பொருள்களுக்கு வேறு அளவு. பகையாகக் கருதப்பட்ட வில், குணம் அறியப்பட்டதால் ஏவலாளாயிற்று.

கணினியின் முன் அமர்ந்து வில்லின் போக்கைக் கணிக்கும் மாணவர் பலர், அயற்றன் சமன்பாடு என்னும் தொடரைக் கேட்டவுடன் பேராசிரியர் ஒருவரை எண்ணக்கூடும். அத்தொடரிலுள்ள பெயர் ஆணினது அன்று. மணிக்கூடு திருத்துநரின் மகளாய்ப் பிறந்து, தாயின் தையற்கூலியில் வளர்ந்து, தனக்கென ஓர் ஆளுமை சட்டத்தில் இல்லாதிருந்த காலத்தில் இயற்கையின் சட்டத்தைப் படித்த ஒரு பெண்ணினது. அவர் சார்பில் வழக்காடிய நண்பர்களும், அவரைத் தாழ்த்தி எழுதியோரும் மறைந்துவிட்டனர். அவரை விலக்கிய சட்டமும் மாறிவிட்டது. அவர் காத்திருந்து எழுதிய எண்கள் இன்னும் மாறவில்லை. பாடம் சொல்லும் ஆசிரியர், சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் அப்பெயருக்குரியவர் யாரென ஒரு வார்த்தை சொல்வாராயின், அது அவருக்குச் செலுத்த வேண்டிய கடனிற் சிறு பகுதியாகும்.